மாரப்பா, அன்று அவர் ‘வரேன்’ சொல்லவில்லை

என் அன்பு மச்சான் மாரப்பனுக்கு,

நீ இருக்கும் இடத்தில் தபால் பட்டுவாடா எப்படி என்று எனக்குத் தெரியாது. ராணுவத் தபால் என்றால் எந்த மூலைக்கும் வந்து சேர்ந்துவிடும் என்று நீ அடித்துச் சொல்வாய். அந்த நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

நமக்குள் கடிதம் எழுதும் பழக்கமே இருந்ததில்லை. தேவைப்படவும் இல்லை. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ஹனூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து மைசூருக்கு வருவாய். ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டு, மண்டி மொஹல்லா சந்துக்குள் ஸ்கூட்டர்காரர்களைத் திட்டிக்கொண்டே நடந்து, என் மகனுடைய போன் கடைக்குள் நுழைந்து, நேராக என் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாய். நான் எழுந்து ஸ்டூலைத் தேட வேண்டும்.

இப்போது நாற்காலி எனக்கே கிடைக்கிறது. முதுகுக்கு இதமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் முதல் செவ்வாய் வந்தால் பதினோரு மணிக்குக் கை தானாக ஸ்டூலை இழுத்துப் போடுகிறது. மகன் அதில் வேறு யாரையும் உட்காரவிடுவதில்லை. நல்ல பிள்ளை.

இந்தக் கடிதத்தை இங்கே தமிழ் அன்பர்கள் சிலர் சேர்ந்து கொண்டுவரும் ஆண்டு மலரில் போடச் சொல்லியிருக்கிறேன். ஊரெல்லாம் படிக்கட்டும். ஏனென்றால், ஐம்பது வருஷத்துக்கு மேலாக நீ ஊரெல்லாம் சொல்லிவந்த கதை ஒன்றில் ஒரு பொய் இருக்கிறது. அது உன் பொய் இல்லை, என் பொய். நீ உண்மை என்று நம்பித்தான் சொன்னாய். கதையைக் கேட்டவர்கள் அத்தனை பேர் இருக்க, திருத்தத்தை மட்டும் உன் காதில் ரகசியமாகச் சொன்னால் எப்படி?

உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். படிப்பவர்களுக்குப் புரிய வேண்டுமே.

தரைப்படையில் விமானப் பிரிவு இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. விமானம் என்றால் குண்டு போடும், சீறிப் பாயும் என்று நினைப்பார்கள். நம்முடையது இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். துப்பாக்கிகூடக் கிடையாது. பீரங்கிகள் சுடும்போது மேலே பறந்து, குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்து, ‘இன்னும் கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம் தூரம்’ என்று ரேடியோவில் சொல்வதுதான் வேலை. கண் மட்டும்தான் ஆயுதம். நீ மெக்கானிக், நான் ரேடியோக்காரன். உனக்கு இருபத்தாறு வயது, எனக்கு இருபத்திரண்டு.

எழுபத்தொன்றில் போர் அறிவித்தபோது நம்மைக் கிழக்கு எல்லைக்கு அனுப்பினார்கள். அறுவடை முடிந்த வயலைச் சமப்படுத்தி ஓடுதளம் என்றார்கள். நீ அதைப் பார்த்துவிட்டு, “இதுல எங்கூர்ல ராகி போடலாம், விமானத்த எப்படீங் எறக்கறது?” என்று கேட்டாய். அந்தப் பிரிவில் தமிழ் பேசியவர்கள் நாம் இரண்டே பேர். இருந்தும் என் தமிழை நீ தமிழ் என்று ஒப்புக்கொண்டதே இல்லை. அப்பா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர், நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். நம் ‘டா’ போல வாக்கியத்துக்கு ஒரு கன்னடக் ‘கணோ’ வந்துவிடும். “பேசறதுல பாதி கன்னடம், மீதி இங்கிலீசு. இவன் தமிழனாம்!” என்பாய். உனக்கும் எனக்கும் கூடப்பிறந்த பெண்கள் கிடையாது. ஆனாலும் முதல் வாரத்திலேயே நீ என்னை மாப்ளே ஆக்கிவிட்டாய். நானும் மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

இப்போது உன் வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

நிறுத்திவைத்த விமானம் நகராமல் இருக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைப்போம். மஞ்சள் பெயிண்ட் அடித்து, இழுப்பதற்குக் கயிறு கட்டியிருக்கும். விமானி கட்டைவிரலை ஆட்டினால் கீழே இருப்பவன் கயிற்றை இழுக்க வேண்டும். படையில் எல்லா இடத்திலும் இப்படித்தான். உன்னிடம் மட்டும் அது செல்லாது. வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது, ‘வரேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் அல்லவா? விமானத்தில் கிளம்புகிறவருக்கும் அதுதான் சட்டம் என்றாய். விமானி ‘வரேன்’ என்று சொன்னால்தான் கட்டை நகரும்.

கேப்டன் சாவந்த் புதிதாக வந்த அன்று நடந்தது நினைவிருக்கிறதா? மராட்டிக்காரர், தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. அவர் விரலை ஆட்டுகிறார், நீ கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறாய். அவர் மறுபடி ஆட்டுகிறார். நீ அசையவில்லை. என்ன கோளாறு என்று அவர் ஹிந்தியில் கத்த, “சாப், போலோ... வரேன்” என்றாய். நம் பிரிவின் சுபேதார் ஓடிவந்து உன்னைக் கண்டபடி திட்டினார். கேப்டன் என்னிடம் அர்த்தம் கேட்டார். சொன்னேன். உன் பக்கம் குனிந்தார். பிறகு சத்தமாக “வரேன்!” என்றார். கட்டை நகர்ந்தது.

அன்றிலிருந்து பிரிவில் எல்லா விமானிகளுக்கும் அந்த ஒரு தமிழ்ச் சொல் தெரியும். எஞ்சின் இரைச்சலில் காது கேட்காது, நீ வாயசைவைப் பார்ப்பாய். திட்டிய சுபேதாரே சில நாளில் மாறிவிட்டார். யாராவது கிளம்பியதும், சொன்னாரா என்று உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்.

சரி. இனி நான் சொல்ல வேண்டியது.

போர் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். உனக்கு மலேரியா. இரண்டு கம்பளிக்குள்ளும் பல் கிட்டிக்கொண்டு கூடாரத்தில் கிடந்தாய். மற்ற மெக்கானிக்குகள் வேறு விமானங்களோடு முன்னே போய்விட்டார்கள். மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைக் கையில் எடுத்தபோது ரேடியோவில் அழைப்பு வந்தது. ஆற்றைத் தாண்டிக்கொண்டிருந்த நம் ஆட்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள், அக்கரையிலிருந்து சுடுகிறார்கள், உடனே மேலிருந்து பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். கேப்டன் சாவந்த் ஓடினார். எஞ்சினைக் கிளப்பிவிட்டார். கட்டையை எடுக்க ஆள் இல்லை. கழுத்தில் தொங்கிய ஹெட்போனைக் கழற்றக்கூட நேரமில்லாமல் நான் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

அவர் விரலை ஆட்டினார்.

மாரப்பா, நான் மறந்துபோய் இழுத்துவிட்டேன் என்று சொன்னால் நீ மன்னித்துவிடுவாய். ஆனால் நான் மறக்கவில்லை. உன் சட்டம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மடியில் இருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கட்டும் என்று காத்திருக்கலாம், இரண்டு விநாடிதான். ஆனால் ஆற்றில் நம் பையன்கள் சாகிறார்கள், இப்போது போய் ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பதா என்று தோன்றியது. இழுத்துவிட்டேன். அவர் போய்விட்டார்.

முக்கால் மணி நேரம் அவர் குரல் நன்றாகக் கேட்டது. இடது, வலது, இன்னும் நூறு கெஜம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டது. நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பெட்ரோல் இரண்டரை மணி நேரத்துக்குத்தான். மூன்று மணி நேரம் ஆயிற்று. வெயில் சாய்ந்தது. என் தொண்டை கட்டிவிட்டது.

அப்போது நீ கம்பளியைப் போர்த்திக்கொண்டு தள்ளாடி வந்தாய்.

“சொன்னாரா மாப்ளே?”

“யாரு? என்ன?”

“கேப்டன் சாருதான். கட்டைய எடுக்கறப்ப சொன்னாரான்னு கேட்டேன்.”

“சொன்னாரு.”

“வாயத் தொறந்து சொன்னாரா?”

“சொன்னாரு கணோ!”

“அப்ப வந்துருவாரு. நீ எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கற?”

அதுதான் அந்தப் பொய். ஏன் சொன்னேன்? உனக்குக் காய்ச்சல், மனசு கெட்டுவிடக் கூடாது என்று சொன்னதாக இத்தனை வருஷம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இல்லை. பயத்தில்தான் சொன்னேன். ‘சொல்லலையா? நீ ஏண்டா இழுத்த?’ என்று நீ கேட்டிருந்தால் என்னிடம் பதில் கிடையாது.

அதோடு முடிந்ததா? சுபேதாருக்கு உத்தரவு வந்திருந்தது. பிரிவு முழுவதும் அன்று மாலையே முன்னே இருக்கும் வேறு ஓடுதளத்துக்குப் போக வேண்டும். தரையில் விரித்திருந்த வெள்ளைத் துணியைச் சுருட்டச் சொன்னார். இங்கேதான் இறங்க வேண்டும் என்று மேலிருந்து பார்ப்பவருக்குக் காட்டும் ஒரே அடையாளம் அந்தத் துணிதான். நீ போய்க் கட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டாய். “சாப், ஓ போலா. ஓ ஆயேகா. நான் வர மாட்டேனுங்” என்று பாதி ஹிந்தியும் பாதி தமிழுமாகச் சொன்னாய். அவர் சொல்லியிருக்கிறார், வந்துவிடுவார் என்று அர்த்தம். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. சுபேதார் உன்னிடம் வாதாடவில்லை. என் பக்கம் திரும்பினார். “போலா க்யா?”, சொன்னாரா என்று கேட்டார்.

இரண்டாம் முறையாகப் பொய் சொன்னேன். “ஹாங் சாப். போலா.”

அவர் மீசையைத் தடவிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பிறகு நம் இருவரையும், அந்தத் துணியையும், இரண்டு டின் பெட்ரோலையும் விட்டுவிட்டுப் போனார். காலை ஒன்பது மணிக்கு லாரி வரும், அதற்குமேல் ஒரு நிமிஷம்கூடக் கிடையாது என்றார்.

மறுநாள் காலை பனி மூடிக்கிடந்தது. எட்டரை மணிக்குத் தூரத்தில் எஞ்சின் சத்தம். லாரி என்று நான் நினைத்தேன். நீதான் எழுந்து நின்று, “நம்முளுதுதான், ஆனா இருமுது” என்றாய். கண்ணாடியெல்லாம் எண்ணெய் வழிய அவர் இறங்கினார். முந்தைய நாள் குண்டு பட்டு ரேடியோ போய்விட்டது, எண்ணெய்க் குழாய் கிழிந்துவிட்டது. ஆற்று மணல் திட்டில் இறக்கியிருக்கிறார். பக்கத்தில் இருந்த பீரங்கிக்காரர்கள் லாரியிலிருந்து ஒரு ரப்பர் குழாயைக் கழற்றிக் கொடுத்தார்களாம், அதை மாட்டி முடிப்பதற்குள் இருட்டிவிட்டதாம். இருந்த பெட்ரோலுக்கு இந்த ஓடுதளம் வரைதான் வர முடியும். புது ஓடுதளம் எங்கே என்றே அவருக்குத் தெரியாது. பனிக்குள் அந்த வெள்ளைத் துணி மட்டும்தான் தெரிந்தது என்றார்.

நீ அவருக்குச் சல்யூட் அடிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “பாத்தியா? சொல்லிப்போட்டுப் போனா வந்துருவாங்க” என்றாய். அதை ஹிந்தியில் அவருக்கும் சொன்னாய். அவர் என்னைப் பார்த்தார். நான் பெட்ரோல் டின்னைப் பார்த்தேன்.

அப்படித்தான் அந்தக் கதை பிறந்தது. எத்தனை கல்யாணத்தில் சொல்லியிருப்பாய்! ஹனூரில் நீ டிராக்டர் பட்டறை வைத்தபோது, விமானத்தின் அந்த மஞ்சள் கட்டையைக் கொண்டுவந்து டிராக்டர் சக்கரத்துக்கு வைத்தாய். எப்படிக் கொண்டுவந்தாய் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. பழுது பார்த்த வண்டியை எடுக்க வருகிறவரும் சொல்லித்தான் எடுக்க வேண்டும். கன்னடக்காரர் போய்வருகிறேன் என்பதை ‘ஹோகி பர்தீனி’ என்று சொன்னால் அதுவும் செல்லும் என்று சலுகை கொடுத்திருந்தாய். யாராவது சிரித்தால் உடனே கேப்டன் கதை. பக்கத்தில் நான் இருந்தால், “வேணும்னா இவனக் கேளுங்க. கட்டைய இழுத்ததே இவன்தான்” என்பாய். நான் தலையாட்டுவேன். எத்தனை முறை தலையாட்டினேன் என்று தெரியவில்லை, மச்சான். என் பேத்தியின் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டாரிடம் நீ சொன்னபோதும் ஆட்டினேன்.

அன்றுதான் முடிவு செய்தேன், சொல்லிவிடுவது என்று. அடுத்த செவ்வாய் நீ வந்தபோது பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தேன். நீ ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு, “மாரப்பா, ஒண்ணு சொல்லணும்” என்றேன். “பஸ்ஸு கெளம்புது. அடுத்த மாசம் சொல்லு, எங்க போயிரப் போறேன்?” என்றாய். பஸ் நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “வரேன்டா மாப்ளே!” என்றாய்.

பத்து நாளில் உன் மனைவி பொன்னம்மா போன் செய்தார்கள். டிராக்டருக்குக் கட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார் என்றார்கள். நோவு இல்லை, படுக்கை இல்லை. உனக்கு அது நல்ல போக்குதான். எனக்கு மட்டும் கோபம் வந்தது. வாயைத் திறந்து ‘வரேன்’ என்று சொன்னவன் வராமல் போனது எந்தச் சட்டத்தில் சேர்த்தி? இரண்டு நாள் உன்மேல் கோபமாகவே இருந்தேன். பிறகு சிரிப்பு வந்தது. நான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன், நீ என்னிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். சரிக்குச் சரி.

கேப்டனுக்குத் தகவல் சொன்னேன். எண்பது தாண்டியவர், கைத்தடி, ஒரு காது சுத்தமாகக் கேட்காது. புனேயிலிருந்து ஐந்தாம் நாள் வந்து இறங்கிவிட்டார். மைசூரிலிருந்து காரில் இருவருமாகக் கிளம்பினோம். கொள்ளேகாலில் இளநீருக்கு நிறுத்தியபோது, இன்னும் தள்ளிப்போட்டால் இவரும் ‘அடுத்த மாசம்’ என்று சொல்லிவிடுவார் என்று பயம் வந்தது. கேட்கும் காதுப் பக்கமாகப் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் அன்று சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும், தெரிந்தே கட்டையை இழுத்தேன், பிறகு சொன்னதாகப் பொய் சொன்னேன் என்றேன்.

அவர் உறிஞ்சு குழாயை எடுத்துக் கீழே வைத்தார். ஹிந்தியில் அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“நான் சொல்லலைன்னு எனக்கும் தெரியும், தாமோதர். மேலே போய் ஆறு தெரிஞ்சப்பதான் ஞாபகம் வந்துச்சு. இறங்கினா மாரப்பன் என்னை விடமாட்டானேன்னு பயந்து, தனியா உக்காந்தபடியே கத்திச் சொன்னேன். ‘வரேன்’னு. அதனால நீ சொன்னது பொய்யில்ல. கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்ட, அவ்வளவுதான்.”

இதை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கைத்தடியின் பிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நிஜமாகவே கத்தினாரா, இல்லை எனக்காக இப்போது ஒரு பொய் சொன்னாரா? ரேடியோ என் கையில்தான் இருந்தது. அப்படி ஒரு சத்தம் எனக்குக் கேட்டதாக நினைவில்லை. ஆனால் ரேடியோவில் சொன்னேன் என்று அவர் சொல்லவில்லையே. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. இளநீர் ரொம்பத் தித்திப்பாக இருந்தது.

உன் வீட்டு வாசலில் சரிவு அல்லவா, டிரைவர் சக்கரத்துக்கு ஒரு கல் கேட்டார். உன் மகன் பட்டறையிலிருந்து அந்த மஞ்சள் கட்டையைக் கொண்டுவந்து வைத்தான். கேப்டன் குனிந்து அதைக் கைத்தடியால் தட்டிப் பார்த்தார். உள்ளே போனோம். உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தோம். பொன்னம்மாவும் அவரும் என்ன பேசிக்கொள்வார்கள்? அவருக்குத் தமிழ் தெரியாது, அவர்களுக்கு ஹிந்தி தெரியாது. அவர் கையைக் கூப்பினார், அவர்கள் அழுதார்கள். அவ்வளவுதான் பேச்சு.

கிளம்பும்போதுதான் நான் செய்த தப்பு தெரிந்தது. துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர் ‘வரேன்’ என்று சொல்லக் கூடாது, சொல்லாமல் கொள்ளாமல் நடையைக் கட்ட வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? என் கதையைக் கொட்டும் அவசரத்தில் நான் அதைச் சொல்லிவைக்க மறந்துவிட்டேன். நான் வாயை மூடிக்கொண்டு காரில் ஏறிவிட்டேன். பின்னால் அவர் கதவைப் பிடித்தபடி திரும்பி நின்று, இரண்டு கையையும் கூப்பி, காது கேட்காதவர்களுக்கே உரிய பெரிய குரலில் சொன்னார்:

“வரேன்!”

வாசலில் இருந்த அத்தனை பேரும் விறைத்துப்போனார்கள். உங்கள் பங்காளி பெரியவர் ஒருவர், “ஏனுங், எளவு ஊட்ல நின்னுக்கிட்டு இப்படிச் சொல்லலாமுங்களா?” என்று எழுந்துவிட்டார். எனக்குக் காரோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. கேப்டன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

பொன்னம்மா உள்ளேயிருந்து வந்தார்கள். ஐந்து நாளாக வாசல் தாண்டாதவர்கள் படியிறங்கி நேராகக் காருக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

“சொல்லட்டும், உடுங்க. அவருக்குத் தெரிஞ்ச சொல்லு அது ஒண்ணுதான். எங்கூட்டுக்காரரு சொல்லிக்குடுத்தது. அதக் கேக்காம அவரு யாரையும் அனுப்புனதில்ல.” கேப்டனைப் பார்த்து, “வாங்க சாமி. மறுக்கா வாங்க” என்றார்கள்.

பிறகு குனிந்து, கயிற்றைப் பிடித்து, கட்டையை அவர்களே இழுத்தார்கள்.

மாரப்பா, போரில்கூட நான் அழுததில்லை. ஹனூர் தாண்டி வெகுதூரம் வரை அழுதேன். அது துக்கம் மட்டும் இல்லை, அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நிறைவாகவும் இருந்தது. உன் சட்டம் உன் வீட்டில் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

மற்றபடி இங்கே எல்லாரும் சுகம். உன் மகன் பட்டறையில் இரண்டு டிராக்டர் சேர்ந்தாற்போல் நிற்கின்றன. வண்டியை எடுக்க வருகிறவர்களிடம் சொல்லச் சொல்லி அவன் கேட்பதில்லை, கூச்சப்படுகிறான். ஆனால் ஊர்க்காரர்கள் தாமாகவே சொல்கிறார்களாம். என் பேத்தி கல்யாணம் நன்றாக நடந்தது. சம்பந்தி தேடி வந்து, அந்தக் கேப்டன் கதை சொன்ன பெரியவர் எங்கே என்று கேட்டார். கதையை நானே சொன்னேன், ஆனால் பழையபடிதான். திருத்தத்தை உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவரிடம் சொல்ல மனசு வரவில்லை.

இப்போது சொல்லிவிட்டேன். அவர் சொல்லவில்லை, நான் இழுத்தேன், பொய் சொன்னேன். நீ அந்தப் பொய்யை நம்பிக் கட்டையின் மேல் உட்கார்ந்ததால்தான் அவர் வந்து சேர்ந்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் நீ உட்கார்ந்திருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்திருப்பாய் என்றுதான் தோன்றுகிறது. உன் பிடிவாதத்துக்குக் காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை.

உன் முதல் வருஷத் திதிக்குக் கேப்டன் டிக்கெட் போட்டுவிட்டார். பொன்னம்மா மறுக்கா வாங்க என்று சொல்லிவிட்டார்களே, அவரால் தட்ட முடியுமா? நானும் வருவேன். சாப்பாடு முடிந்ததும் பந்தலில் உன் கதையைத் திருத்தத்தோடு சொல்வேன். அதற்கு அடுத்த வருஷமும் சொல்வேன். கால் நடக்கிறவரை ஒவ்வொரு வருஷமும் முதல் பஸ்ஸில் வந்து சொல்வேன். இது சத்தியம்.

நீ இருக்கும் இடத்துக்கு வருவதற்கு மட்டும் அவசரப்படுத்தாதே. தொட்டியில் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். துணியை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திரு, உனக்குத்தான் அது பழக்கமாயிற்றே. அன்று உன் வீட்டு வாசலில் சொல்லக் கூடாது என்று சொல்லாமல் வந்துவிட்டேன். இன்னும் நீ கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய், எனக்குத் தெரியும்.

இந்தத் தடவை வாயைத் திறந்து சொல்கிறேன், மச்சான். வரேன்.

உன் மாப்ளே,
தாமோதரன்
மண்டி மொஹல்லா, மைசூரு